பெட்டிக்குப் போடும் கொடி

எங்கள் பள்ளிக்கூடத்தின் வரலாற்றை எத்தனை தரம் எழுதினேன் என்பது எனக்கே மறந்துபோய்விட்டது. ஆண்டு விழா மலர், புதிய மண்டபத் திறப்பு மலர், ரொறன்ரோக் கிளையின் இராப்போசன மலர் என்று எதை எடுத்தாலும் ‘வரலாறும் புகழ்பூத்த பழைய மாணவர்களும்’ என்ற கட்டுரை என் தலையில்தான் வந்து விழும். இப்போது லண்டன் கிளைக்காரர் தொடங்கியிருக்கிறார். கிழமை தவறாமல் அவருடைய அழைப்பு வருகிறது.

“சேர், ஒரு நாலு பக்கம் போதும். படங்களோடை. உங்களுக்கு உது தண்ணிபட்ட பாடுதானே.”

தண்ணிபட்ட பாடுதான். அதனால்தான் அலுத்துப்போயிற்று. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரச் சுவாமியார் ஒருவர், ஓலைக் கொட்டிலில் கொஞ்சப் பையன்களோடு தொடங்கினார் என்று எழுத வேண்டும். பிறகு ஓட்டுக் கட்டிடம், பிறகு மாடி, விடுதி, சிற்றாலயம், மணிக்கூட்டுக் கோபுரம். அரசாங்கம் பள்ளிக்கூடங்களைக் கையேற்ற காலத்தில் நாங்கள் தனியே நின்று வயிற்றைக் கட்டிய கதை. பிறகு சண்டை. விடுதி முழுக்க அகதிகள், மைதானத்தின் நடுவில் செல் குண்டு விழுந்து தோண்டிய கிடங்கு. ஊரே இடம்பெயர்ந்தபோது தென்மராட்சியில் மரங்களின் கீழ் வகுப்பு வைத்தோம். திரும்பி வந்தபோது கூரையைக் காணவில்லை. இதையெல்லாம் எழுதி எழுதி, செல் விழுந்ததைக்கூட இப்போது கொட்டாவி விட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அந்த நாளில் மேசைக்குக் கீழே படுத்துக் கிடந்து நடுங்கியவனும் நான்தான் என்று சொன்னால் எவன் நம்புவான்.

புகழ்பூத்தவர்கள் வேறு. ஓர் ஆயர், ஒரு நீதியரசர், ஒரு பேராசிரியர், சத்திர சிகிச்சை நிபுணர்கள், எந்திரிகள். ஒவ்வொரு மலரிலும் புதிதாகச் சிலர் பூத்துவிடுவார்கள். “என்ரை மைத்துனரை விட்டிட்டியள்” என்று மெல்பேணிலிருந்து கோபிப்பார்கள். இந்தக் கட்டுரையை வாசித்தால் மக்கு ஒருவனும் எங்கள் பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை என்று தோன்றும். நான் அங்கே படித்து, அங்கேயே படிப்பித்து, நரைத்து வெளியே வந்தவன். எத்தனை மக்குகளுக்கு நான் பின்னம் சொல்லிக்கொடுத்தேன் என்று எனக்குத் தெரியும். அவர்களில் சிலர் தங்கமான மனிதர்கள். போகட்டும்.

இந்தத் தரம் எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒரு கொடியின் கதை குறுக்கே வந்து நிற்கிறது. அதைச் சொல்லி முடித்தால்தான் வெள்ளைக்காரச் சுவாமியார் கப்பலை விட்டு இறங்குவார் போலிருக்கிறது.

எங்கள் பழைய மாணவர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பழைய மாணவர் ஒருவர் இறந்தால், செத்த வீட்டுக்குப் பள்ளிக்கூடக் கொடியைக் கொண்டுபோய்ப் பெட்டியின்மேல் விரிப்போம். பச்சைத் துணியில் வெள்ளைக் கரை, நடுவே சிலுவையும் விளக்கும். சங்கத்தின் சார்பில் ஒருவர் நாலு வார்த்தை பேசுவார். கத்தோலிக்கர் என்றால் சேமக்காலையில் குழிக்குள் இறக்க முன்னரும், சைவர் என்றால் சுடலையில் நெருப்பு வைக்க முன்னரும், கொடியை எடுத்து மடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். கொடி ஒன்றே ஒன்றுதான். மங்கிப் பழசாகிவிட்டது. இன்னொன்று தைக்கலாம் என்று யாராவது சொன்னால், “பாரம்பரியம்” என்று ஒரு சொல்லைச் சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள்.

அந்தக் கொடியைக் காவித் திரிவது செயலாளரின் வேலை. செயலாளர் நான். விரும்பிப் பிடித்த பதவி அல்ல. என்னோடு கூடப் படித்தவர்களெல்லாம் கனடாவுக்கும் சேமக்காலைக்கும் போய்விட, மிஞ்சியவன் தலையில் கட்டினார்கள். சொப்பிங் பையில் கொடியை வைத்துச் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு போவேன். என்னைக் கண்டாலே “ஆர் மாஸ்ரர் மோசம் போனது?” என்று சந்தியில் நிற்பவர்கள் கேட்பார்கள். கலியாண வீட்டுக்குப் போனாலும் அதே கேள்விதான். சீ, என்ன சீவியம் இது என்று வரும்.

என் வகுப்பில் குருநகர்ப் பையன் ஒருவன் இருந்தான். ஒரே வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவன். விடியப்புறம் தகப்பனோடு தொழிலுக்குப் போய், வலையைக் கரையில் போட்டுவிட்டு, உப்புக் காயாத தலையோடு வகுப்புக்கு ஓடி வருவான். எட்டாம் வகுப்பில் ஒருநாள் ஞானோபதேச பாடத்தில் தூங்கி விழுந்தான். அப்போது பள்ளிக்கூட அதிபராக இருந்த றெக்ரர் சுவாமி அவனை வெளியே கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். அடியை வாங்கினான். வாயே திறக்கவில்லை. அடித்துக் களைத்த பிறகு அவர், “கொப்பனைப் போல மீன் நாத்தத்திலேயே கிட, உனக்கு அதுதான் சரி” என்று சொன்னார். அவன் பிரம்பைப் பறித்து ஓட்டுக் கூரைமேல் எறிந்துவிட்டான். நாங்கள் சிரித்த சிரிப்பில் யன்னல் அதிர்ந்தது. அன்றைக்கே அவனை விலக்கினார்கள். பிரம்பு மழையிலும் வெயிலிலும் கூரையிலேயே நெடுங்காலம் கிடந்தது.

அவன் கடலுக்குப் போனான். ஆனால் பள்ளிக்கூடத்தை விட்டுப் போகவே இல்லை. உதைபந்தாட்டப் போட்டி என்றால் எங்கள் கோலுக்குப் பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பான். நடுவருக்கு அவன் சொல்லும் தூஷணத்துக்கு மதிலே காதைப் பொத்தும். பள்ளிக்கூடத் திருவிழாவுக்குப் பூசைக்கு வந்து பின்சுவரோடு நிற்பான். பழைய மாணவர் மதிய போசனத்துக்கு மட்டும் வரமாட்டான், அங்கத்தவர்களுக்குத்தானே சாப்பாடு. “எங்கடை பள்ளிக்கூடம்” என்றுதான் எப்போதும் சொல்லுவான். அவனுடைய பெடியள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். “அப்பா மதிலுக்கு வெளியிலை நிண்டு படிச்சவர்” என்று இளையவன் ஒருதரம் என் முன்னாலேயே சொன்னான். வகுப்புப் படத்திலும் அவன் இல்லை. படம் எடுத்த அன்று கடலில் நின்றான்.

போன வருடம் அவனுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்தான். மலை மாதிரி இருந்த ஆள், பழைய சேட்டு ஒன்றைக் கொழுவிவிட்ட தடி மாதிரி ஆகிவிட்டான். நான் பின்னேரங்களில் போய்ப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். அப்படி ஒரு பின்னேரம், மனைவி பிளேன்ரீ வைத்துவிட்டுப் போன கையோடு, அவன் கேட்டான்.

“மச்சான், நான் போனால் உந்தக் கொடியைக் கொண்டுவந்து போடுவியோ?”

“விசர்க்கதை கதையாதை. ஆர் போறது?”

“நான்தான் போறன், வேறை ஆர். டொக்டர் சொல்லாட்டிலும் எனக்குத் தெரியும். கேட்டதுக்கு மறுமொழி சொல்லு.”

சங்கத்தின் யாப்பு விதியை அவனுக்கு எப்படிச் சொல்ல? ஒழுக்கக் குறைவால் விலக்கப்பட்டவர் பழைய மாணவராகக் கொள்ளப்படார் என்று அதில் இருக்கிறது. மென்று விழுங்கி ஒருமாதிரிச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

“என்னைத் துரத்தினது றெக்ரர். பள்ளிக்கூடம் துரத்தேல்லை. அந்த மனிசனும் செத்து எவ்வளவு காலம். இன்னும் ஆரடா என்னைத் துரத்திக்கொண்டு நிக்கிறது?”

நான் பிளேன்ரீக் கோப்பையைக் கையில் எடுத்தேன்.

“பெடியள் நம்பினமில்லை, மச்சான். இவளும் முழுசா நம்பேல்லை. பெட்டிக்கு மேலை கொடி கிடந்தால் நம்பித்தானே ஆகோணும்.”

குசினிக்குள் இருந்து மனைவியின் குரல் வந்தது. “நான் எப்ப நம்பேல்லை எண்டனான்? என்னவோ பகிடிக்குச் சொன்னதை இந்த மனிசன் நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு கிடக்குது.”

“கூட்டத்திலை கேக்கிறன்” என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

கேட்டேன். எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். எதையும் இரண்டு தரம் வாசித்துத்தான் கையெழுத்து வைப்பார். பொல்லாத மனிதர் என்று சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துக்காக வெயிலில் அலைந்தவர்தான். ஆனால் யாப்பு என்று வந்தால் தேவ வாக்கு மாதிரிப் பிடித்துக்கொள்ளுவார்.

“ஐசே, நீர் உணர்ச்சிவசப்படாதையும். உவருக்குப் போட்டால் நாளைக்கு ரோட்டாலை போறவன் வாறவன் எல்லாம் கேப்பினம். பிறகு அந்தக் கொடிக்கு என்ன மரியாதை?”

“ரோட்டாலை போறவன் இல்லை. என்னோடை ஒரு வாங்கிலை இருந்தவன்.”

“விலக்கினவையெல்லே?”

“பதின்மூண்டு வயதுப் பெடியனை விலக்கினவை. இப்ப பேரப்பிள்ளை கண்ட மனிசன் கேக்கிறான்.”

மற்றவர்கள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தொண்டையைச் செருமி, “அடுத்த கூட்டத்திலை பாப்பம்” என்றார். அடுத்த கூட்டத்துக்கு வந்த ஆட்கள் காணாது. அதற்கடுத்த கூட்டம் முழுவதும் மைதானத்துப் புல்லைப் பற்றிப் போனது. பிறகு வெளிநாட்டுக் கிளைகளின் அபிப்பிராயத்தைக் கேட்கலாம் என்றார்கள். ரொறன்ரோ சரி என்றது. லண்டன் யாப்பைப் பார்க்கச் சொன்னது. சிட்னி இன்றுவரைக்கும் மறுமொழி அனுப்பவில்லை.

ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் நான் குருநகருக்குப் போய்விடுவேன். படலையடியில் சைக்கிளை நிறுத்தும் சத்தத்துக்கே அவன் தலையைத் தூக்குவான். “என்னவாம்?” என்பான். “இன்னும் முடிவில்லை, பொறு” என்பேன். “நான் பொறுப்பன் மச்சான், உந்தச் சிறுநீரகம்தான் பொறுக்குதில்லை” என்று சிரிப்பான். ஒருநாளாவது என்னைக் குறை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். உலகத்தில் எவ்வளவோ ஆக்கினை கிடக்க, ஒரு முழத் துணிக்காக என்னை இப்படி நடக்க வைக்கிறார்களே என்று எரிச்சல் எரிச்சலாக வந்தது. கடைசியாகப் போன நாள் அவன் தலையைத் தூக்கவில்லை. கண்ணை மட்டும் திறந்து பார்த்தான். நானும் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அந்தக் கிழமைதான் நீதியரசர் கொழும்பில் காலமானார். என் கட்டுரைகளிலெல்லாம் ஆயருக்கு அடுத்ததாக வருகிறவர். சைவக் குடும்பம், விடுதியில் நின்று படித்தவர். தலைவருக்கு ஒரே பரபரப்பு. “இது நான் நேரை போகவேண்டிய செத்தவீடு, ஐசே” என்று என் வீட்டுக்கே வந்து கொடியை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினார். எனக்கும் அது நல்லதாகப் பட்டது. ஒரு செத்தவீட்டிலாவது எனக்கு வேலையில்லை.

அவர் போன மூன்றாம் நாள் காலையில், பல்லுத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, குருநகரிலிருந்து இளையவன் தொலைபேசி எடுத்தான்.

“மாஸ்ரர் மாமா, அப்பா எங்களை விட்டிட்டுப் போட்டார்.”

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கிணற்றுக் கட்டில் இருந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கூட்டமும் மண்ணாங்கட்டியும், கொடியை நான் போடத்தான் போகிறேன் என்று முடிவெடுத்தேன். செயலாளர் பதவியிலிருந்து விலக்கினால் விலக்கட்டும், அதைவிடப் பெரிய உபகாரம் எனக்கு ஒருவரும் செய்ய முடியாது. தலைவரைக் கூப்பிட்டேன்.

“இண்டைக்கே ரயிலேறி வாரும். குருநகரிலை ஆள் போட்டுது. நாளைக்குப் பின்னேரம் எடுக்கினம். கொடி வேணும்.”



“அதை ஏன் கேக்கிறீர், ஐசே” என்றார். “கொடி போச்சு.”

“எங்கை போச்சு?”

நடந்தது இதுதான். நீதியரசரின் பிள்ளைகள் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவர்கள். கொடியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. மின்சார மயானத்தில் மந்திரிமாரும் சட்டத்தரணிகளும் முன்னுக்கு அடைத்துக்கொண்டு நிற்க, தலைவர் பின்வரிசையில் அகப்பட்டுக்கொண்டார். “எக்ஸ்கியூஸ் மீ, எக்ஸ்கியூஸ் மீ எண்டு கத்தினனான், ஐசே, ஒருத்தரும் விலகேல்லை” என்றார். பெட்டி கொடியோடு உள்ளே போய்விட்டது. கதவும் மூடிவிட்டது.

இத்தனை காலமும் மானமாகக் காத்த பாரம்பரியம் அப்படிச் சாம்பலாகிப் போனது. வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

குருநகருக்குப் போனேன். வீடு நிறையச் சனம். அவனுக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டு, கையில் செபமாலை சுற்றிக் கிடத்தியிருந்தார்கள். மனைவி என்னைக் கண்டதும், என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தாள். கை வெறுமையாக இருந்தது.

“கொண்டரேல்லையோ மாஸ்ரர்? அவை விடேல்லையோ?”

“விட்டாலென்ன விடாட்டியென்ன, கொடியே இல்லைத் தங்கச்சி” என்று நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

“என்ரை மாதாவே, ராத்திரி நினைவு தப்ப முதல் கேட்டதும் அதைத்தான். மாஸ்ரர் வந்தவனோ, என்னவாம் எண்டு.”

அவளுடைய தங்கை பக்கத்தில் நின்றாள். கோயில் திருவிழாவுக்குத் தெரு நீளத்துக்குத் தொங்குகிற கொடிகளெல்லாம் அவள் மெசினில் தைத்தவைதான். அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, “அண்ணை, என்ன நிறம், எவ்வளவு நீளம், அதைச் சொல்லுங்கோ” என்றாள்.

“அப்பிடித் தைச்சால் அது பள்ளிக்கூடக் கொடி ஆகுமோ பிள்ளை?”

“அங்கை எரிஞ்சதும் ஆரோ தைச்சதுதானே. வானத்திலையிருந்தே விழுந்தது?”

நான் நகரத்துக்கு ஓடினேன். துணிக்கடையில் பச்சை கிடைத்தது, கொஞ்சம் கடும் பச்சை. என் கைத்தொலைபேசியில் கிடந்த பழைய படம் ஒன்றைப் பார்த்துப் பார்த்து அவள் வெட்டினாள். சிலுவை வடிவாக வந்தது. விளக்குத்தான் பிசகிவிட்டது. பள்ளிக்கூடக் கொடியில் இருப்பது கல்வியின் தீபம், கிண்ணம் மாதிரி ஒன்று. அவள் வெட்டியது வள்ளத்தில் கொழுவுகிற அரிக்கன் லாம்பு. கைபிடிகூட வைத்திருந்தாள். மாற்றச் சொல்ல மனம் வரவில்லை. நேரமும் இல்லை.

மறுநாள் பின்னேரம் அந்தக் கொடியை அவன் பெட்டியின்மேல் விரித்தேன். பிரான்சில் இருக்கும் மூத்தவன் கைத்தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். இளையவன் கொடியின் கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். “மெய்யாத்தான் படிச்சவரோ மாமா?” என்று என் காதுக்குள் கேட்டான். “என்னோடைதானடா படிச்சவன்” என்றேன். அதற்குப் பிறகுதான் அவன் வாய்விட்டு அழத் தொடங்கினான். சங்கத்தின் சார்பில் என்று சொல்லி நாலு வார்த்தை பேசினேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பாண்ட் வாத்தியம் முன்னே போக, கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை முடித்து, சேமக்காலைக்கு நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

குழியடியில் கொடியை எடுத்து மடித்தேன். அதை மனைவியின் கையில் கொடுத்தேன். இது சங்கத்தின் கொடியல்ல, அவளே வைத்திருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் திருப்பி என் கையில் வைத்துவிட்டாள்.

“பள்ளிக்கூடத்தின்ரை சாமான் வீட்டிலை கிடக்கக் கூடாது, மாஸ்ரர். அவர் இருந்தால் என்னை ஏசிப்போடுவார். கொண்டுபோங்கோ.”

கொண்டுவந்தேன். வேறென்ன செய்ய.

தலைவர் திரும்பி வந்து கொடியை விரித்துப் பார்த்தார். விளக்கில் அவர் கண் நின்றது.

“இது என்ன, ஐசே, அரிக்கன் லாம்போ?”

“ஓம், லாம்புதான்.”

“உது கொடியில்லை. துணி. பேசாமல் உள்ளுக்கு வையும்.”

வைத்தேன். புதுக் கொடி தைப்பிக்கிற விசயம் கூட்டத்துக்கு வந்தது. வந்ததுதான். ரொறன்ரோ தாங்கள் அச்சடித்து அனுப்புகிறோம் என்றது. கொடி என்றால் தைத்ததாக இருக்க வேண்டும் என்று லண்டன் பிடிவாதமாக நாண்டுகொண்டு நின்றது. பட்டுத் துணியா, பருத்தியா? பழைய பச்சை எந்தப் பச்சை? மாதக்கணக்காகத் தொலைபேசியில் படங்கள் வந்துகொண்டிருந்தன. கொடியை மட்டும் காணவில்லை. நல்ல வேளையாக அந்த இடைவெளியில் ஒருவரும் சாகவில்லை. சாக இருந்தவர்களும் கொடி வரட்டும் என்று பார்த்திருந்தார்களோ தெரியாது.

பிறகு பேராசிரியர் இறந்தார். நகரத்தில் பெரிய வீடு. மகள் கனடாவிலிருந்து வந்திறங்கியிருந்தாள். உண்மையைச் சொன்னால் எனக்கு அந்த மனிதரைக் கண்ணில் காட்டக்கூடாது. பரிசளிப்பு விழா ஒன்றுக்குப் பிரதம விருந்தினராக வந்து, இந்தப் பள்ளிக்கூடத்தில் தனக்கு மிகவும் பிடித்தது இதன் வெளிவாசல்தான் என்று பகிடி விட்டவர். அன்று நாங்கள் எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரித்தோம். புகழ்பூத்தவராச்சே.

காலையிலேயே தலைவரின் அழைப்பு வந்தது.

“ஐசே, பேராசிரியருக்குக் கொடி போடோணும். மகள் கேட்டுப்போட்டா. நீர் அந்தக் குருநகரிலை போட்டதை எடுத்துக்கொண்டு வாரும்.”

“அது துணி எண்டனீர்?”



“வாய்க்கு வாய் காட்டாமல் கொண்டு வாருமன், ஐசே” என்றார்.

போனேன். பூவும் குளிரூட்டியும் நிறைந்த மண்டபத்தில், பெட்டியின்மேல் அதை விரித்தேன். தலைவர் ஒலிவாங்கியைப் பிடித்து, எமது கல்லூரியின் பாரம்பரியம் மிக்க கொடி என்று தொடங்கினார். எவருக்கும் விளக்கும் தெரியவில்லை, லாம்பும் தெரியவில்லை. பேச்செல்லாம் முடிந்த பிறகு மகள் பெட்டியடியில் வந்து நின்றாள். துணியை மெல்லத் தடவினாள். நல்ல பிள்ளை, முகம் வீங்க வீங்க அழுதிருந்தாள்.

“அங்கிள், இந்தக் கொடியை அப்பாவுக்கு முதல் ஆருக்குப் போட்டவை?”

நான் தலைவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

“குருநகரிலை ஒருத்தருக்கு, பிள்ளை” என்றேன்.

“அவரும் இங்கை படிச்சவரோ?”

நான் வாயைத் திறக்க முதல் தலைவர் முந்திக்கொண்டார். “ஓம் பிள்ளை, ஓம். எங்கடை பழைய மாணவன்தான். அருமையான மனிசன்.”

அவ்வளவுதான். எத்தனை கூட்டத்தில் கேட்டு, எத்தனை பின்னேரம் வெறுங்கையோடு குருநகர் ரோட்டில் சைக்கிள் மிதித்துக் கிடைக்காத சொல், அவர் வாயிலிருந்து மூச்சு விடுகிற மாதிரி இலேசாக வந்து விழுந்தது. அவனுக்கு முன்னால் ஒரேயொரு தரம் சொல்லியிருக்கக் கூடாதா? அவன் இரண்டு கையையும் ஊன்றி எழும்பி இருந்திருப்பானே. சனியன் பிடித்த சொல், இங்கே வந்தா விழ வேண்டும்?

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி விம்மினேன். சனம் எல்லாம் திரும்பிப் பார்த்தது. தலைவர் ஒன்றும் விளங்காமல் என் முதுகைத் தட்டினார். மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அங்கிளுக்கு அப்பாவிலை நல்ல விருப்பம் என்ன?” என்று அவளும் அழுதாள்.

“ஓம் பிள்ளை” என்றேன்.